‘சிஸ்டர், ஒரு விஷயம் சொல்லணும்’: டயாலிசிஸ் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்க நம்ம பங்கு என்ன?

(டயாலிசிஸ் எடுத்துக்கொள்வோருக்கும் அவர்களின் குடும்பத்தினருக்கும் நடத்தப்பட்ட விழிப்புணர்வுக் கூட்டத்தில் பேசிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே வந்திருக்கிறவங்கள்ல சிலர் டயாலிசிஸ் எடுத்துக்கிறவங்க. மத்தவங்க, அவங்களைக் கூட்டிட்டு வந்து வெளியே 4 மணி நேரம் காத்திருக்கிறவங்க. நான் மருத்துவர் இல்லை. செய்தித் துறையில் எழுதுகிற வேலை. மருத்துவர்களும் செவிலியர்களும் சொல்வதை எல்லாருக்கும் புரிகிற தமிழில் கொண்டுவந்து சேர்ப்பதுதான் என் பொறுப்பு. இன்றைக்கு ஒரே ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். டயாலிசிஸ் நடக்கும்போது இயந்திரத்தின் குழாய்களில் ரத்தம் உறையாமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள், அதில் நம்ம பங்கு என்ன என்பதுதான் அது.

‘அதெல்லாம் ஸ்டாஃப் பார்த்துக்குவாங்க, நமக்கு என்ன?’ என்று சிலருக்குத் தோன்றலாம். ஊசி போடுவது அவங்க வேலைதான். ஆனால் அந்த ஊசியை இன்றைக்குப் போடலாமா, போட்டால் எவ்வளவு போடலாம் என்று முடிவு செய்யத் தேவையான தகவல் பல நேரங்களில் நம்மகிட்டதான் இருக்கு. அதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தைப் பற்றித்தான் இந்தப் பேச்சு முழுக்க.

உடம்புக்கு வெளியே ரத்தம் போகும் வழி

கையில் குத்தின முதல் ஊசி வழியா ரத்தம் வெளியே வருது. பம்ப் அதைத் தள்ளுது. அடுத்து ‘டயலைசர்’ என்ற வடிகட்டிக்குள்ளே போகுது. பார்க்க ஒரு முழ நீளம்கூட இல்லாத பிளாஸ்டிக் உருளை. உள்ளே தலைமுடி போல மெல்லிய குழல்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றின் உள்விட்டம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் 5-ல் ஒரு பங்கு. அந்தக் குழல்கள் வழியாகப் போகும்போதுதான் ரத்தத்தில் இருக்கிற கழிவும் கூடுதல் நீரும் பிரிகிறது. பிறகு ‘சேம்பர்’ என்கிற சின்னக் கூண்டு வழியாக இறங்கி, இரண்டாவது ஊசி மூலம் உடம்புக்குத் திரும்புகிறது.

நிமிடத்துக்கு 250 மில்லி என்று பம்ப் ஓடினால், 4 மணி நேரத்தில் 60 லிட்டர் ரத்தம் அந்த வடிகட்டியைக் கடக்கும். பெரியவர் ஒருவர் உடம்பில் இருப்பது சுமார் 5 லிட்டர்தான். அதாவது அதே ரத்தம் திரும்பத் திரும்ப, 12 தடவை அளவுக்குப் போய்வருகிறது.

இங்கேதான் சிக்கல். ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறையாமல் ஓடுவதற்குக் காரணம், குழாயின் உட்சுவரில் இருக்கும் உயிருள்ள செல்கள். அவை ரத்தத்தை உறையவிடாமல் காக்கின்றன. பிளாஸ்டிக் குழாய்க்கு அந்தக் குணம் கிடையாது. பிளாஸ்டிக்கும் காற்றும் பட்டதும், ‘எங்கேயோ காயம் பட்டிருக்கு’ என்று ரத்தம் நினைத்துக்கொள்கிறது. தட்டணுக்கள் ஒட்ட ஆரம்பிக்கும். உறைய வைக்கும் புரதங்கள் விழித்துக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் வலை மாதிரி ஒரு பின்னல் உருவாகி, அதில் ரத்த அணுக்கள் சிக்கிக்கொள்ளும். முழங்காலில் அடிபட்டால் நம்மைக் காப்பாற்றுகிற அதே வேலைதான். இடம்தான் தப்பு.

குழாயிலும் வடிகட்டியிலும் மட்டும் எந்த நேரமும் ஏறத்தாழ 200 மில்லி ரத்தம் இருக்கும். அது முழுக்க உறைந்துவிட்டால் அத்தனையும் நஷ்டம். சிறுநீரகச் செயலிழப்பு உள்ள பலருக்கு ஏற்கெனவே ரத்தசோகை இருக்கும். ஊசி, மாத்திரை, உணவு என்று பாடுபட்டு ஏற்றின ரத்தம் ஒரே நாளில் போய்விடும். முழுசா உறையாமல் வடிகட்டியின் சில குழல்கள் மட்டும் அடைத்துக்கொண்டால், 4 மணி நேரம் படுத்திருந்தும் சுத்திகரிப்பு குறைவாகத்தான் நடந்திருக்கும்.

ஒரு விஷயம் இங்கேயே சொல்லிடறேன். உறைந்த ரத்தத்தை ஸ்டாஃப் திருப்பி ஏற்ற மாட்டாங்க. ‘எங்க அப்பா ரத்தத்தை ஏன் வீணாக்கினீங்க?’ என்று கோபப்படும் குடும்பங்கள் உண்டு. அந்தக் கோபம் புரிகிறது. ஆனால் உறைகட்டி உடம்புக்குள் போகக் கூடாது என்பதற்காகத்தான் அப்படிச் செய்கிறார்கள். சேம்பருக்குள் வலை இருப்பதும், அழுத்தம் கூடினால் அலாரம் அடித்து பம்ப் நிற்பதும் அதே காரணத்துக்காகத்தான்.

அட்டையிலிருந்து ஹெப்பாரின் வரை

இந்தச் சிக்கலைத் தீர்க்க முடியாததால்தான் டயாலிசிஸ் வருவதற்கே தாமதம் ஆனது. நம்ம ஊர் வயலில் கடிக்கிற அட்டை இருக்கே, அது கடிச்ச இடத்தில் ரத்தம் சீக்கிரம் நிற்காது. அட்டையின் எச்சிலில் இருக்கும் ‘ஹிருடின்’ என்ற பொருள்தான் அதற்குக் காரணம். 1913-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜான் ஏபலும் அவருடைய குழுவினரும் நாய்களின் ரத்தத்தைச் செயற்கை வடிகட்டியில் ஓட விட்டபோது பயன்படுத்தியது அந்த ஹிருடினைத்தான். 1924-ல் ஜெர்மனியின் கீஸன் நகரில் கேயார்க் ஹாஸ் முதன்முதலாக ஒரு மனிதருக்கு டயாலிசிஸ் செய்தபோதும் அதேதான். ஆனால் அன்றைக்குக் கிடைத்த ஹிருடின் அவ்வளவு தூய்மையானதாக இல்லை. ஒவ்வாமை வந்தது.

இடையில், 1916-ல் அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஒரு பொருளை ஈரலிலிருந்து பிரித்தெடுத்தார். அந்த ஆய்விலிருந்து வளர்ந்ததுதான் ஹெப்பாரின். கிரேக்க மொழியில் ஈரலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். ஹாஸ் பிறகு ஹெப்பாரினுக்கு மாறினார். 1943-ல் நெதர்லாந்தில், போர் நடந்துகொண்டிருந்தபோது, வில்லெம் கோல்ஃப் தன் சுழலும் உருளைச் சிறுநீரகத்தை ஓட்டியதும் ஹெப்பாரின் உதவியோடுதான். இன்றைக்கும் பெரும்பாலான டயாலிசிஸ் பிரிவுகளில் முதல் தேர்வு அதுதான்.

இயந்திரத்தின் பக்கவாட்டில் ஒரு சிரிஞ்ச் மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும், பார்த்திருப்பீங்க. அதில் இருப்பது பெரும்பாலும் ஹெப்பாரின். தொடக்கத்தில் ஒரு அளவு கொடுத்து, பிறகு மணிக்கு இவ்வளவு என்று சொட்டுச் சொட்டாகச் செலுத்துவார்கள். உடம்பில் அதன் வீரியம் சுமார் 1 முதல் 1½ மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். அதனால்தான் முடிவதற்கு அரை மணி, ஒரு மணி நேரம் முன்பே சிரிஞ்சை நிறுத்திவிடுவது வழக்கம். ஊசியை எடுத்ததும் கையில் ரத்தம் நிற்கணும் இல்லையா?

சில இடங்களில் ஹெப்பாரினிலேயே இன்னொரு வகையை, தொடக்கத்தில் ஒரே ஊசியாகப் போட்டுவிடுவார்கள். அது கொஞ்சம் அதிக நேரம் வேலை செய்யும்.

குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து

ஹெப்பாரின் குறைந்தால் குழாயில் உறையும். கூடினால் உடம்பில் எங்கேயாவது ரத்தம் கசியும். சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்குத் தட்டணுக்கள் சரியாக இயங்காது. அதனால் சாதாரணமாகவே ரத்தம் கசியும் வாய்ப்பு அவர்களுக்கு அதிகம். இரண்டு பக்கமும் பள்ளம் இருக்கிற வரப்பில் நடப்பது மாதிரிதான் இது. அளவை மருத்துவர் உடல் எடையைப் பார்த்து, போன முறை எப்படி இருந்தது என்று பார்த்து முடிவு செய்கிறார். ஆனால் போன டயாலிசிஸுக்கும் இன்றைக்கும் இடையில் உங்க வீட்டில் என்ன நடந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

எங்க பெரியம்மாவுக்கு நடந்ததைச் சொல்றேன். அவங்களுக்கு வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். ஒரு ஞாயிற்றுக்கிழமை குளியலறையில் வழுக்கி விழுந்தாங்க. தலையில் லேசான வீக்கம். முடிக்குள்ளே இருந்ததால் யாருக்கும் தெரியலை. ‘ஒண்ணும் இல்லடி, ஆஸ்பத்திரியில் சொல்லிடாதே, படுக்க வெச்சிடுவாங்க’ என்று மகளிடம் சத்தியம் வாங்காத குறை. திங்கட்கிழமை காலையில் ஊசி குத்தியாச்சு, இயந்திரம் ஓடப் போகுது. அக்காவுக்கு மனசு கேட்கலை. ‘சிஸ்டர், ஒரு விஷயம் சொல்லணும். அம்மா நேத்து விழுந்துட்டாங்க’ என்றாள்.

சிஸ்டர் கேட்ட முதல் கேள்வி, ‘தலையில் அடிபட்டதா?’ ஹெப்பாரின் சிரிஞ்சை அப்போதே எடுத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிட்டாங்க. ஸ்கேன் எடுத்தப்போ மண்டை ஓட்டுக்குள்ளே கொஞ்சம் ரத்தக்கசிவு. நல்லவேளை, சின்னதுதான். அதன் பிறகு சில வாரங்கள் ஹெப்பாரின் இல்லாமலேயே டயாலிசிஸ் நடந்தது. பெரியம்மா இப்போ நல்லா இருக்காங்க. மகள் மேல் இருந்த கோபமும் போயிடுச்சு. அந்த ஒரு வாக்கியத்தை அக்கா சொல்லாமல் விட்டிருந்தால், வெளியே ரத்தம் உறையாமல் காக்கிற மருந்தே உள்ளே கசிவைப் பெருசாக்கியிருக்கும்.

ஊசி குத்தும் முன் சொல்ல வேண்டிய 7 விஷயங்கள்

1. கீழே விழுந்தது, அடிபட்டது. குறிப்பாகத் தலையில். ரத்தம் வரலைன்னாலும் சொல்லணும்.

2. பல் பிடுங்கியது, அறுவை சிகிச்சை, சதைப் பரிசோதனை, கழுத்தில் புதுக் குழாய் போட்டது. இனிமேல் செய்யப் போவதாக இருந்தாலும் முன்கூட்டியே சொல்லுங்க. பல் பிடுங்குவதை டயாலிசிஸ் இல்லாத நாளில் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள்.

3. எங்கேயாவது ரத்தக்கசிவு. ஈறு, மூக்கு, சிறுநீர், வாந்தி எதில் வந்தாலும் சரி. மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனாலும் சொல்லணும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் திடீரென்று பார்வையில் கறுப்புப் புள்ளிகள் மிதந்தாலோ, மங்கினாலோ அதையும் சொல்லணும். கண்ணுக்குள் கசிவாக இருக்கலாம்.

4. மாதவிலக்கு, அதிலும் அதிகமான போக்கு. ஆண் டெக்னீஷியன் இருக்கிறார் என்று பல பெண்கள் சொல்வதே இல்லை. இது கூச்சப்பட வேண்டிய விஷயமே இல்லைங்க. சிஸ்டரிடம் தனியாகச் சொல்லுங்க, அல்லது ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்க.

5. மாத்திரை மாற்றம். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின், அசிட்ரோம் போன்றவை ஏற்கெனவே ரத்தம் உறைவதைக் குறைக்கிறவை. இதய மருத்துவர் எழுதிக் கொடுத்தது சிறுநீரக மருத்துவருக்குத் தெரிஞ்சிருக்கும் என்று நினைக்காதீங்க. அதே சமயம், நீங்களாக அந்த மாத்திரைகளை நிறுத்தவும் கூடாது.

6. போன முறை ஊசி எடுத்த பிறகு ரத்தம் நிற்க வழக்கத்தைவிட அதிக நேரம் ஆனது. 20 நிமிடம் அழுத்தியும் நிற்கவில்லை என்றால் கட்டாயம் சொல்ல வேண்டும். போன முறை வடிகட்டி உறைந்துபோயிருந்தாலும் சொல்லுங்க, அதுவும் இன்னொரு மருத்துவமனையில் நடந்திருந்தால்.

7. ‘ஹெப்பாரின் ஒத்துக்கொள்ளவில்லை’, ‘தட்டணு குறைந்துவிட்டது’ என்று முன்பு யாராவது சொல்லியிருந்தால். சிலருக்கு ஹெப்பாரின் தொடங்கி 5 முதல் 10 நாளுக்குள் தட்டணுக்கள் பாதிக்கு மேல் குறைந்து, அதோடு உடம்புக்குள் உறைகட்டியும் உருவாகும். இது அரிதானது. ஆனால் வந்தவர்களுக்கு ஹெப்பாரின் ஒரு சொட்டுகூடக் கூடாது. கழுத்துக் குழாயை மூடி வைக்கப் போடும் ஹெப்பாரினும் சேர்த்துத்தான். அந்தத் தாளைப் பத்திரமா வெச்சுக்கோங்க.

ஹெப்பாரின் இல்லாத டயாலிசிஸ்

இதில் ஏதாவது ஒன்றைச் சொன்னதும், ‘இன்னைக்கு ஹெப்பாரின் இல்லாம பண்ணலாம்’ என்று மருத்துவர் முடிவு செய்யலாம். ‘மருந்து ஸ்டாக் இல்லையோ, மிச்சம் பிடிக்கிறாங்களோ’ என்று சந்தேகப்பட வேண்டாம். உண்மையில் அன்றைக்கு ஸ்டாஃபுக்கு வேலை கூடுதல். 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு முறை சலைனைத் தள்ளி வடிகட்டியைக் கழுவிவிடணும். அப்படி உள்ளே போன சலைனையும் கணக்கு வைத்து வெளியே எடுக்கணும். முடிந்தால் ரத்த ஓட்டத்தை வேகமாக வைக்கணும். அவ்வளவு செய்தும் சில நேரம் உறையத்தான் செய்யும். நேரத்தைக் குறைக்க வேண்டியும் வரலாம். அதற்குத் தயாராக இருங்க.

இன்னொரு வழியும் இருக்கு. ரத்தம் உறைய சுண்ணாம்புச்சத்து, அதாவது கால்சியம் வேண்டும். சிட்ரேட் என்ற உப்பைக் குழாயில் கலந்தால் அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்தம் திரும்பும்போது கால்சியத்தைத் தனியாகச் சேர்த்துவிடுவார்கள். குழாய்க்குள் மட்டும் உறைவது தடைபடும், உடம்பில் பாதிப்பு வராது. அடிக்கடி ரத்தப் பரிசோதனை தேவைப்படுவதால், இதைப் பெரும்பாலும் தீவிர சிகிச்சைப் பிரிவில் பயன்படுத்துகிறார்கள்.

படுத்திருக்கும்போது நாம் செய்யக்கூடியது

ஓடுகிற ரத்தம் சீக்கிரம் உறையாது. தேங்கினால் உறையும். ஊசி போட்ட கையை மடக்கினாலோ, குழாய் மேல் படுத்தாலோ அலாரம் அடித்து பம்ப் நிற்கும். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் ரத்தம் தேங்குது. போன் பார்க்கணும்னா மற்ற கையில் பாருங்க. அலாரம் அடித்தால் நீங்களோ கூட வந்தவரோ பட்டனைத் தொடாதீங்க, ஸ்டாஃபைக் கூப்பிடுங்க.

இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் குடிக்கும் தண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. எடை ரொம்ப ஏறி வந்தால், அவ்வளவு நீரையும் 4 மணி நேரத்தில் இழுக்கணும். வடிகட்டிக்குள் ரத்தம் கெட்டியாகும், உறைவது எளிதாகும். நடுவில் ரத்த அழுத்தம் இறங்கினால் ஓட்டமும் பாதிக்கப்படும். மருத்துவர் சொன்ன தண்ணீர் அளவைக் கடைப்பிடிப்பது குழாய்க்கும் நல்லது.

குழாயில் ரத்தம் வழக்கத்தைவிடக் கறுத்துத் தெரிந்தாலோ, வடிகட்டியில் கறுப்புக் கோடுகள் தெரிந்தாலோ சொல்லுங்க. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, கடுமையான தலைவலி, குளிர் நடுக்கம் எது வந்தாலும் முடியும்வரை பொறுத்துக்கொள்ள வேண்டாம்.

வீட்டுக்குப் போன பிறகு

அன்றைக்கு முழுக்கக் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். சதையில் போடும் ஊசி வேண்டாம். வேறு கிளினிக்குப் போனால், ‘இன்னைக்கு டயாலிசிஸ் எடுத்தேன்’ என்று முதலிலேயே சொல்லுங்க. கழுத்தில் குழாய் இருப்பவர்கள் அதில் வேறு யாரையும் மருந்து ஏற்ற விடக் கூடாது. அந்தக் குழாய்க்குள் அடர்த்தியான ஹெப்பாரின் நிரப்பி வைத்திருப்பார்கள். அதை உறிஞ்சி எடுக்காமல் மருந்து செலுத்தினால் ஹெப்பாரின் அத்தனையும் ஒரே நேரத்தில் உடம்புக்குள் போய்விடும்.

கையில் ஊசி போட்ட இடத்தில் மறுபடி ரத்தம் வந்தால், சுத்தமான துணியை வைத்து அந்தப் புள்ளியிலேயே விரலால் அழுத்தி, கையைத் தூக்கிப் பிடிங்க. நிற்காவிட்டாலும், பீய்ச்சி அடித்தாலும் அழுத்தத்தை விடாமல் 108-ஐ அழைக்கச் சொல்லுங்க. தலைவலியோடு வாந்தி, குழப்பமான பேச்சு, ஒரு பக்கம் கை கால் தளர்ச்சி, அதிகத் தூக்கம் என்றால் அப்போதும் 108தான்.

போனில் 5 வரி

எல்லாரிடமும் போன் இருக்கு. அதில் ஒரு குறிப்பு எழுதி வெச்சுக்கோங்க. சாப்பிடும் மாத்திரைகள், ஒவ்வாமை, கடைசியாக நடந்த அறுவை சிகிச்சை, கையில் ஃபிஸ்டுலாவா கழுத்தில் குழாயா, இந்த வாரம் புதுசா நடந்தது என்ன. 5 வரி போதும். மாத்திரை அட்டையையும் டிஸ்சார்ஜ் தாளையும் போட்டோ எடுத்து வைங்க. பல போன்களில், பூட்டைத் திறக்காமலேயே தெரியும் அவசரத் தகவல் பகுதி இருக்கு. அதில் ‘டயாலிசிஸ் எடுப்பவர், ஹெப்பாரின் போடப்படுகிறது’ என்று எழுதி வைத்தால், வழியில் மயங்கி விழுந்தாலும் உதவுகிறவர்களுக்குத் தெரியும். எழுதத் தெரியாத பெரியவர்களுக்கு வீட்டுப் பிள்ளைகள் செய்து கொடுங்க.

அரசு சேவைகள் பற்றி இரண்டு வார்த்தை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் சிகிச்சை உண்டு. சந்தேகங்களுக்குக் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800 425 3993. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீட்டிலேயே வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு அதற்கான திரவப் பைகள் வழங்கப்படுகின்றன. அந்த முறையில் ரத்தம் உடம்பை விட்டு வெளியே வருவதே இல்லை. ஆனால் அது எல்லாருக்கும் பொருந்தாது. உங்களுக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்க. பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு 104 இருக்கு.

கடைசியாக, மருத்துவமனைப் பணியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். ஊசி குத்தும் முன் ‘ஏதாவது விசேஷமா?’ என்று பொதுவாகக் கேட்டால், ‘ஒண்ணும் இல்லீங்க’ என்றுதான் பதில் வரும். ‘விழுந்தீங்களா? பல் எடுத்தீங்களா? புது மாத்திரை ஏதாவது?’ என்று பெயர் சொல்லிக் கேளுங்க. கேட்கிற விதத்தில்தான் பதில் வரும்.

நோயாளிகளுக்கும் குடும்பத்தினருக்கும் சொல்வது இதுதான். அவங்க கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ‘இதைப் போய்ச் சொல்றதா’ என்ற தயக்கமும் வேண்டாம். தேவையா இல்லையா என்று முடிவு செய்ய அங்கே ஆள் இருக்காங்க. அடுத்த முறை படுக்கையில் உட்கார்ந்ததும், கையை நீட்டுவதற்கு முன்னாடி வாயைத் திறங்க.